தவக்காலமும் தூக்க மாத்திரையும்

விபூதிப் புதனுக்கு மூன்று வாரங்கள் முன்னதாக நமக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் நடுத்தர வயதுடைய ஒரு குடும்பத் தலைவி. கணவர் வெளிநாட்டில் வேலை பார்த்து வந்த காலத்தில், மாமியாரின் நீண்ட நோயும் அதன் பின் அவரது இறப்பும் அடுத்தடுத்து வந்து தாக்கவே, இரவில் உறக்கமின்றியும் பகலில் காரணம் தெரியாத நடுக்கத்துடனும் அவர் தவித்திருக்கிறார். மருத்துவர் ஒரு சிறு மாத்திரையை எழுதிக் கொடுத்து இரண்டு வாரம் உட்கொள்ளச் சொன்னாராம். அது நடந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. மாத்திரை இன்னும் நின்றபாடில்லை. “இந்தத் தவக்காலத்தில் இறைச்சியை ஒறுப்பதோடு இந்த மாத்திரையையும் ஒரேயடியாக விட்டுவிடுவதாக வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்திருக்கிறேன். விபூதிப் புதன் காலை முதல் தொடமாட்டேன். எனக்காகச் செபியுங்கள்” என்று கடிதம் முடிகிறது.

செபித்தோம். ஆனால் இதழ் அச்சேறும் வரை காத்திராமல் அன்றே அவருக்கு மறுமொழியும் எழுதினோம். அந்த நாளில் நிறுத்த வேண்டாம்; எந்த நாளிலும் ஒரேயடியாக நிறுத்த வேண்டாம்; மருத்துவரைக் காணும் வரை வழக்கமான அளவையே உட்கொள்ளுங்கள் என்பதே அம்மறுமொழி. அவருடைய இசைவைப் பெற்று, ஊரும் பேரும் நீக்கி, இச்செய்தியை இங்கே விரித்து எழுதுகிறோம். ஏனெனில் இது ஒரு வீட்டுச் செய்தி அன்று. புடவை அடுக்கின் அடியிலும், செபமாலை வைக்கும் பையின் மூலையிலும் இம்மாத்திரை அட்டையை ஒளித்து வைத்திருக்கும் இல்லங்கள் நம் பங்குகளில் பல உண்டு.

முதலில் இது எத்தகைய மருந்து என்று அறிவோம். டயாசெபாம், அல்ப்ரசோலாம், லோராசெபாம், குளோனாசெபாம் என்னும் பெயர்களை மருந்துச் சீட்டுகளில் கண்டிருப்பீர்கள். இவை யாவும் பென்சோடயாசெபின் என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. நாசிகளின் கொடுமை ஐரோப்பாவைச் சூழ்ந்திருந்த 1941-ஆம் ஆண்டில் அங்கிருந்து அமெரிக்கா சென்ற லியோ ஸ்டெர்ன்பாக் என்னும் யூத வேதியியல் அறிஞர், ரோஷ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய காலத்தில் இவற்றுள் முதலாவதை உருவாக்கினார். பயனற்றது என ஒதுக்கி வைத்திருந்த ஒரு பொருளை 1957-இல் ஆய்வுக்கு அனுப்பியபோதுதான் அதன் ஆற்றல் தெரியவந்தது. அது 1960-இல் லிப்ரியம் என்னும் பெயரிலும், அதனினும் வலிய டயாசெபாம் 1963-இல் வாலியம் என்னும் பெயரிலும் கடைக்கு வந்தன. நம் நாட்டு முதியவர்கள் ‘காம்போஸ்’ என்று சொல்லக் கேட்டிருப்போமே, அதுவும் இந்த டயாசெபாமே.

இதற்கு முன்பிருந்த பார்பிட்டுரேட் வகைத் தூக்க மருந்துகள் அளவு சற்று மிஞ்சினாலும் உயிரைக் குடித்தவை. அவற்றோடு ஒப்பிட்டால் புதிய மருந்து பெரும் பாதுகாப்புடையதாகத் தோன்றியது. மருத்துவர்கள் மகிழ்ந்து எழுதினார்கள். 1970-களில் அமெரிக்காவில் மிகுதியாக எழுதப்பட்ட மருந்துகளின் வரிசையில் வாலியம் முன்னின்றது. இம்மருந்து கெட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. வலிப்பு வந்து துடிக்கும் குழந்தையைக் காப்பாற்றுவது இதுவே. குடியை நிறுத்தும் நோயாளியை ஆபத்தான முதல் வாரத்தில் தாங்குவதும் இதுவே. அறுவைச் சிகிச்சைக்கு முன் அச்சத்தைத் தணிப்பதும் இதுவே. சில நாட்களுக்கென வந்த விருந்தாளி ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுவதில்தான் தொல்லை தொடங்குகிறது.

காரணம் இதுதான். நம் மூளையில் காபா என்னும் ஒரு பொருள் சுரக்கிறது. வண்டிக்குப் பிரேக் எப்படியோ, நரம்புகளின் ஓட்டத்துக்கு அது அப்படி. மாத்திரை அந்தப் பிரேக்கை இன்னும் சற்று அழுத்திப் பிடிக்கிறது. உடனே படபடப்பு அடங்குகிறது, உறக்கம் வருகிறது. ஆனால் வாரங்கள் செல்லச் செல்ல மூளை தன்னை மாற்றிக்கொள்கிறது. ‘பிடிப்பதற்கு வேறொருவர் இருக்கிறார்’ என்று தன் சொந்தப் பிடியைத் தளர்த்திவிடுகிறது. இந்நிலையில் மாத்திரையைத் திடீரென எடுத்துவிட்டால், பிரேக் இல்லாத வண்டி சரிவில் ஓடுவது போல நரம்புகள் ஓடும். உறக்கம் முற்றிலும் போய்விடும். கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், தசைகள் இறுகி வலிக்கும். பாத்திரம் விழும் ஓசையும் விளக்கின் வெளிச்சமும் தாங்க முடியாதவையாகும். தோலின் மேல் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு சிலருக்கு வரும். கடுமையான நிலையில் மனக்குழப்பமும் வலிப்பும் வரலாம். வலிப்பினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். விரைவில் உடலை விட்டு நீங்கும் அல்ப்ரசோலாம் போன்றவற்றை நிறுத்தினால் ஓரிரு நாட்களிலேயே இவை தொடங்கும். மெதுவாக நீங்கும் டயாசெபாமில் ஒரு வாரம் வரை ஒன்றும் தெரியாமலிருந்து பின்னர் வருவதுண்டு. ‘நிறுத்தி ஐந்து நாளாயிற்று, நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று மகிழ்வோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

இது புதிதாகக் கண்டறிந்த செய்தியும் அன்று. லிப்ரியம் கடைக்கு வந்த மறு ஆண்டே, 1961-இல், லியோ ஹாலிஸ்டர் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவருடைய துணைவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அம்மருந்தை மிக உயர்ந்த அளவில் பல மாதங்கள் உட்கொண்டிருந்த 11 நோயாளிகளுக்குத் திடீரென அதனை நிறுத்தி வெறும் மாத்திரை கொடுத்தபோது, 10 பேரிடம் புதிய துன்பங்கள் தோன்றின. இருவருக்கு வலிப்பு வந்தது. அவை உயர்ந்த அளவுகள், வழக்கமான அளவில் இவ்வாறு நேராது என்று உலகம் தன்னைத் தேற்றிக்கொண்டது. அத்தேறுதல் தவறு என்று தெரிய ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. 1979-இல் அமெரிக்க மேலவையில் செனட்டர் எட்வர்டு கென்னடியின் தலைமையில் இது பற்றி விசாரணை நடந்தது. இங்கிலாந்தின் மருந்துப் பாதுகாப்புக் குழு 1988-இல், கடுமையான பதற்றத்துக்கு மட்டும், அதுவும் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கே இவை எழுதப்பட வேண்டும் என்று அறிவுறுத்தியது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2020-இல் இவ்வகை மருந்துகள் அனைத்தின் மேலும் கடும் எச்சரிக்கை அச்சிட ஆணையிட்டது. இவ்வளவுக்குப் பிறகும் பழைய சீட்டு ஒன்றைக் கசங்கக் கசங்க நீட்டி ஆண்டுக்கணக்கில் மாத்திரை வாங்குவது நம்மிடையே நடந்துகொண்டுதான் இருக்கிறது. 2014 மார்ச் முதல் இவற்றுள் பலவற்றை ‘எச்-1’ பட்டியலில் சேர்த்து, வாங்குவோர் பெயரையும் எழுதிய மருத்துவர் பெயரையும் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று நம் அரசு மருந்துக் கடைகளுக்குச் சட்டம் செய்திருக்கிறது. சட்டம் நன்று. அதனைக் கேட்டு முகம் சுளிக்கும் நாமும் சற்று நன்றானால் நலம்.

நிறுத்தும் கலையை உலகுக்குக் கற்பித்தவர்களுள் ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஹெதர் ஆஷ்டன் என்னும் மருத்துவப் பேராசிரியை வட இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 1982 முதல் 1994 வரை, இம்மருந்துகளை விட விரும்புவோருக்கென்றே ஒரு மருத்துவப் பிரிவை நடத்தினார். பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ முந்நூறு பேர் அவரிடம் வந்தார்கள். ‘உமக்கு நரம்புத் தளர்ச்சி, வேறொன்றுமில்லை’ என்று அதுவரை பிற இடங்களில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அவர்களுள் பலர். ஆஷ்டன் அம்மையார் அவர்கள் சொன்னதை நம்பினார். தாம் கற்றதில் பெரும்பகுதி அந்நோயாளிகளிடமிருந்தே கற்றது என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். தம் அனுபவத்தை மருத்துவருக்கு மட்டுமன்றி நோயாளிக்கும் விளங்கும் மொழியில் 1999-இல் ஒரு கையேடாக எழுதி, யாரும் இலவசமாகப் படிக்குமாறு விட்டார். 2019-இல் மறைந்தார். இத்தகையோரைப் பற்றி நம் பள்ளிகளில் ஒரு பாடமாவது வைத்தால் என்ன என்று தோன்றுகிறது.

அவர் காட்டிய வழியின் உயிர்நாடி நிதானம். உட்கொள்ளும் அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மட்டும் முதலில் குறைக்க வேண்டும். அதில் ஓரிரு வாரங்கள் நிலைத்து நின்று உடல் பழகிய பின்னரே அடுத்த குறைப்பு. நாள்தோறும் 10 மில்லிகிராம் டயாசெபாம் உட்கொள்பவர் முதலில் 9-க்கு வருகிறார்; 8-க்கு அல்ல, 5-க்கு நிச்சயமாக அல்ல. 2025-இல் அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் பல கூடி வெளியிட்ட நெறிமுறையும், இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை நூற்றுக்கு 5 முதல் 10 வரை குறைப்பதைத் தொடக்கமாகக் கொள்ளச் சொல்கிறது. எந்நிலையிலும் இரு வாரத்தில் நூற்றுக்கு 25-ஐத் தாண்டலாகாது என்கிறது. விரைவில் நீங்கும் மருந்தை உட்கொள்பவருக்கு, அதற்கு ஈடான டயாசெபாமுக்குச் சிறிது சிறிதாக மாற்றி, அதன்பின் குறைப்பதும் ஒரு முறை. ஆனால் ஒரு மில்லிகிராம் அல்ப்ரசோலாமும் ஒரு மில்லிகிராம் டயாசெபாமும் ஒன்றல்ல. ஒன்றுக்கு மற்றது பல மடங்கு. ஆகவே இக்கணக்கை மருத்துவரே போட வேண்டும். முதியோருக்கும் ஈரல் நோயாளருக்கும் இம்மாற்று முறை ஏற்றதா என்பதையும் அவரே முடிவு செய்ய வேண்டும். வலிப்பு நோய்க்காக இம்மருந்தை உட்கொள்வோருக்கு இக்கட்டுரையில் சொல்வது எதுவும் பொருந்தாது. கருவுற்ற தாய்மாரும் தாமாக எதையும் மாற்றலாகாது.

இப்படிக் குறைத்து முடிக்கச் சிலருக்கு நான்கைந்து மாதங்கள் ஆகும். பலருக்கு ஓர் ஆண்டும் அதற்கு மேலும் ஆகும். நாற்பது நாளில் முடியும் காரியமன்று. இடையில் நல்ல நாட்களும் வரும். எதற்காக இதைத் தொடங்கினோம் என்று அழும் நாட்களும் வரும். அந்நாட்களில் மருத்துவரிடம் சொல்லி அதே அளவில் இன்னும் சில வாரங்கள் நிற்கலாம். நிற்பது தோல்வி அன்று.

இனி நேர்ச்சைக்கு வருவோம். கடிதம் எழுதிய சகோதரியை உண்மையில் வருத்துவது மாத்திரையைவிட இதுவே என்று அவருடைய இரண்டாம் கடிதத்தால் அறிந்தோம். “மாதாவுக்குக் கொடுத்த வாக்கை மீறினால் என் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ?” என்று கேட்கிறார். ஆகாது, சகோதரி. பிள்ளைகளைப் பணயமாக வைத்துக்கொண்டு வாக்குறுதி வசூலிப்பவள் அல்லள் நம் தாய். திருச்சபை நேர்ச்சையை மிகவும் மதிக்கிறது. மதிப்பதனாலேயே அதற்கு இலக்கணமும் வகுத்திருக்கிறது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1191-ஆம் சட்டம், நேர்ச்சை என்பது இயலக்கூடியதும் மேலானதுமான ஒரு நன்மையைக் குறித்துக் கடவுளுக்குத் தெளிந்த மனத்தோடும் முழு விடுதலையோடும் அளிக்கும் வாக்குறுதி என்று கூறுகிறது. உயிருக்கு ஊறு விளைக்கக்கூடிய செயல் மேலான நன்மையாகாது. அதற்கும் மேலே 1197-ஆம் சட்டம், தனிப்பட்ட முறையில் நேர்ந்துகொண்டவரே அச்செயலை அதற்கு ஈடான அல்லது அதனினும் சிறந்த வேறொரு செயலாக மாற்றிக்கொள்ளலாம் என்கிறது. அப்படியும் மனம் அமைதியுறாவிடில், 1196-ஆம் சட்டத்தின்படி தக்க காரணத்துக்காக அந்நேர்ச்சையிலிருந்து விடுவிக்கும் அதிகாரம் உங்கள் பங்குக் குருவுக்கே உண்டு. ஆயரிடம் போகவேண்டிய தேவை கூட இல்லை. ஆகவே ‘ஒரே நாளில் விடுவேன்’ என்ற நேர்ச்சையை ‘மருத்துவர் சொல்லும் படிகளை ஒன்றும் தாண்டாமல் இறங்குவேன்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். கணக்குப் பார்த்தால் பின்னதே கடினமான ஒறுத்தல்.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும், சிலருக்குக் கசக்கும். நம் செபக் கூட்டங்கள் சிலவற்றில், மாத்திரைகளை எறிந்துவிட்டதாகச் சாட்சியம் சொல்வதும், கூடியிருப்போர் அல்லேலூயா முழங்குவதும் நடக்கின்றன. இறைவன் நோயைக் குணமாக்குகிறார் என்பதை நாமும் விசுவசிக்கிறோம். ஆனால் அந்தச் சாட்சியத்தைக் கேட்டு வீடு திரும்பும் ஒரு விதவைத் தாய் அன்றிரவே தன் மாத்திரை அட்டையைக் குப்பையில் போட்டு, மூன்றாம் நாள் வலிப்பு வந்து அடுப்பங்கரையில் விழுந்தால், யார் பொறுப்பு? கூட்டம் நடத்துவோர் இதனை அனுமதிக்கலாகாது. பங்குக் குருக்களும் கண்டும் காணாதிருக்கலாகாது. மருத்துவரையும் மருந்தையும் உண்டாக்கியவர் ஆண்டவரே என்று சீராக் ஆகமத்தின் 38-ஆம் அதிகாரம் விரிவாகப் பேசுகிறது. நற்செய்தி எழுதிய லூக்காஸை அன்பார்ந்த மருத்துவர் என்றே புனித சின்னப்பர் அழைக்கிறார்.

‘விசுவாசம் குறைந்ததால்தான் பயம், பயத்தால்தான் மாத்திரை’ என்று சொல்லும் உறவினர்களும் உண்டு. ஜெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவர் வியாகுலமுற்று இரத்த வியர்வை சிந்தியதை அவர்கள் மறந்துவிட்டார்கள் போலும். எலியாஸ் இறைவாக்கினரை எண்ணிப் பாருங்கள். எசபேலுக்கு அஞ்சிப் பாலைவனத்துக்கு ஓடி, ஒரு செடியின் நிழலில் விழுந்து, ‘ஆண்டவரே, போதும்’ என்று சாவை வேண்டியவர் அவர். வானதூதர் வந்து ‘உன் விசுவாசம் எங்கே?’ என்று கேட்கவில்லை. சூடான அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் தந்தார், மீண்டும் உறங்கவிட்டார், மறுபடி எழுப்பி மறுபடி ஊட்டினார். அதன் பிறகே நாற்பது நாள் நடை.

மாத்திரையைச் சார்ந்திருப்பது பாவமா என்று பலர் வெளியே கேட்க வெட்கப்பட்டு உள்ளே நடுங்குகிறார்கள். மருத்துவர் கொடுத்ததை அவர் சொன்ன அளவில் உட்கொண்டவரின் உடல் அதற்குப் பழகிவிடுவது உடலின் இயல்பே. மேன்மேலும் நாடி அலையும் போதைப் பழக்கமும் இதுவும் ஒன்றல்ல. கள்ளச் சீட்டுத் தயாரித்து வாங்கியிருந்தால் அது வேறு கதை. அதற்குப் பாவசங்கீர்த்தனத் தொட்டி இருக்கிறது.

குடும்பத்தார்க்கும் சில சொற்கள். மாத்திரையைப் பறித்து ஒளித்து வைக்கும் கணவன், எவ்வளவு அன்பினால் செய்தாலும், மனைவியைப் படுகுழியின் விளிம்பில் நிறுத்துகிறான். மாறாக, நாட்காட்டியில் இருவரும் சேர்ந்து அளவைக் குறித்து வையுங்கள். மாத்திரையின் நடுவே கோடு இருந்தால் மருந்துக் கடையில் கிடைக்கும் சிறு வெட்டியால் பாதியாக்கலாம். மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரைகளை மட்டும் வெட்டலாகாது. பிற்பகலுக்கு மேல் காப்பி வேண்டாம். உறக்கம் வராத இரவில் கணவனும் எழுந்து அருகில் அமர்ந்து ஒரு பத்து மணி செபமாலை சொல்வது போதும். அந்நேரத்தில் ஐம்பத்து மூன்று மணியும் சொல்லி முடித்தாக வேண்டும் என்று வற்புறுத்த வேண்டாம். இந்நாட்களில் ஒருசந்தியும் வேண்டாம். நோயுற்றோரைத் திருச்சபை நோன்புக்குக் கட்டாயப்படுத்துவதில்லை. முதியோர் இரவில் எழுந்து நடக்கும் வழியில் விளக்கு எரியட்டும். இம்மருந்தால் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர் பலர். மாத்திரையின் இடத்தை மதுவைக் கொண்டு நிரப்ப எண்ணும் ஆண்மக்களுக்கு ஒரே ஒரு சொல்: மதுவும் இம்மாத்திரையும் ஒன்று சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடக்கூடும்.

தற்செயலாக வலிப்பு வந்துவிட்டால், கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் நம் பழைய வழக்கத்தால் ஒரு பயனும் இல்லை. வாயில் கரண்டியும் வைக்க வேண்டாம். இடித்துக்கொள்ளக் கூடிய பொருள்களை அகற்றி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-ஐ அழையுங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. அங்கே போவதற்கு ‘பைத்தியக்கார வைத்தியம்’ என்று நாணுவோர், வீட்டிலிருந்தபடியே 14416 என்னும் எண்ணில் ‘டெலி மானஸ்’ சேவையை அழைக்கலாம். 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய இந்த இலவசச் சேவையில் தமிழிலேயே பேசலாம். மருத்துவரிடம் போகும்போது பழைய சீட்டுகள் அனைத்தையும், இப்போது உட்கொள்ளும் மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டு செல்லுங்கள். எத்தனை ஆண்டுகள், எத்தனை மில்லிகிராம், இடையில் எப்போதாவது நிறுத்திப் பார்த்ததுண்டா, அப்போது என்ன நேர்ந்தது என்பவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்வது நல்லது. அவர் முன் அமர்ந்ததும் பாதி மறந்துபோகும்.